பள்ளியிலும் ஊராட்சியிலும் ஆகஸ்ட் 15 கொடியேற்று விழா நடத்துதல்: முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளாகப் பள்ளிக் கொடியேற்று விழாவின் பொறுப்பு என்னிடம் இருந்திருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் தடுமாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தும் இருக்கிறேன். கொடி தலைகீழாகப் பறப்பது, முடிச்சு அவிழாமல் சிறப்பு விருந்தினர் கயிற்றோடு போராடுவது, கொடி விரியும் முன்பே தேசிய கீதம் தொடங்கிவிடுவது போன்ற பிழைகள் விழா நேரத்தில் கண்ணில் படுகின்றனவே தவிர, அவை முந்தின நாளே செய்யப்பட்டவை. ஆகவே இவ்வழிகாட்டியில் விழா மேடையைவிட அதற்கு முன்னுள்ள இரண்டு வாரங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பள்ளியை மனத்தில் வைத்து எழுதினாலும், ஊராட்சி அலுவலகத்துக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. இரண்டு வாரங்களுக்கு முன்: யார் ஏற்றுவது என்பதை எழுத்தில் முடிவு செய்தல்

முதல் வேலை கொடி வாங்குவதன்று; கொடியை ஏற்றுபவர் யார் என்று முடிவு செய்வது. இதைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டால் பேச்சுவார்த்தை மனத்தாங்கலில் போய் முடியும். பள்ளியில் தலைமையாசிரியரோ அவர் அழைக்கும் விருந்தினரோ ஏற்றலாம். ஊராட்சி அலுவலகத்தில் அப்பொறுப்பு ஊராட்சித் தலைவருக்குரியது.

இந்த இடத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்ட நிகழ்வுகள் நம் மாநிலத்தில் நடந்திருக்கின்றன. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே இது குறித்து மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தலைவரை ஓரமாக நிற்கவைத்துவிட்டு வேறொருவர் கயிற்றைப் பிடிப்பதும், அவருக்கு நாற்காலி போடாமல் விடுவதும் அரசியலமைப்பில் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது உறுப்புக்கு எதிரானவை. ஊராட்சிப் பொறுப்பிலுள்ள பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எனவே அழைப்பிதழில் ‘கொடியேற்றுபவர்: ஊராட்சித் தலைவர்’ என்று பெயரோடு அச்சிட்டு, ஒரு பிரதியை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அச்சில் வந்த பெயரை அன்று காலையில் மாற்றுவது எளிதன்று.

நேரத்தையும் இப்போதே குறித்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 அன்று கிராம சபைக் கூட்டமும் நடைபெறும். பள்ளி விழா நீண்டு அந்த நேரத்தைத் தின்றுவிட்டால் பெற்றோர் இரண்டில் ஒன்றைத் தவறவிடுவார்கள். ஊராட்சிச் செயலரிடம் கூட்ட நேரத்தைக் கேட்டறிந்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பள்ளி விழா முடியும்படி திட்டமிடுவது நல்லது.

2. பத்து நாட்களுக்கு முன்: கொடியைத் தேர்ந்தெடுத்தல்

பீரோவில் இருக்கும் பழைய கொடியை எடுத்து வெயிலில் விரித்துப் பாருங்கள். ஓரம் கிழிந்தோ, நிறம் வெளுத்தோ, கறை படிந்தோ இருந்தால் அதை ஏற்றக் கூடாது. சேதமுற்ற கொடியைப் பறக்கவிடக் கூடாது என்பது 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பில் தெளிவாக உள்ளது. பத்து நாட்களுக்கு முன்பே பார்க்கச் சொல்வதற்குக் காரணம், ஆகஸ்ட் 13, 14 தேதிகளில் கடைகளில் நல்ல அளவுக் கொடிகள் தீர்ந்துபோய், மிஞ்சியிருப்பதைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கொடியின் நீளமும் அகலமும் 3:2 விகிதத்தில் இருக்க வேண்டும். அரசு வகுத்த ஒன்பது அளவுகளில் பள்ளிகளுக்குப் பொருந்துபவை 1800×1200, 1350×900, 900×600 மில்லிமீட்டர் ஆகியவை. இருபதடிக் கம்பத்துக்கு 1350×900 அளவு, அதாவது நாலரை அடிக்கு மூன்றடி, பொருத்தமாக இருக்கும். அதைவிடச் சிறியது கீழிருந்து பார்க்கும் கடைசி வரிசைக் குழந்தைக்குக் கைக்குட்டை போலத்தான் தெரியும்.

துணியைப் பொறுத்தவரை, 2021 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு பாலியெஸ்டர் துணியும் இயந்திரத் தயாரிப்பும் அனுமதிக்கப்பட்டுவிட்டன. கதர்க் கொடி கனமாகவும் நிறம் ஆழமாகவும் இருக்கும். ஆனால் மழையில் நனைந்தால் உலர நேரம் எடுக்கும். பாலியெஸ்டர் மெல்லிய காற்றிலும் பறக்கும். கதர் வாங்க முடிந்தவர்கள் கதரே வாங்குங்கள் என்பது என் விருப்பம். பிளாஸ்டிக் கொடியை எந்த நிலையிலும் வாங்க வேண்டாம். அதற்கு அனுமதி இல்லை.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். சக்கரம் துணியின் இருபுறமும் தெரிகிறதா, அது வெள்ளைப் பட்டையின் நடுவில் கருநீல நிறத்தில் 24 ஆரங்களோடு இருக்கிறதா, கம்பத்துப் பக்க ஓரத்தில் கயிறு கோத்த உறை உறுதியாகத் தைக்கப்பட்டிருக்கிறதா என்பனவே அவை. வாங்கியவுடன் காவிப் பக்கத்துக் கயிற்று நுனியில் சிவப்பு நூல் சுற்றி அடையாளம் வையுங்கள். தலைகீழ்க் கொடிக்கு இந்த ஒரு சாண் நூலைவிடச் சிறந்த தடுப்பு எனக்குத் தெரியாது.

3. ஒரு வாரத்துக்கு முன்: கம்பம், கப்பி, கயிறு

நிரந்தரக் கம்பம் இல்லாத இடங்களில் இரும்புக் குழாயைப் புதிதாக நடுவார்கள். நடுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். குழாயை நிமிர்த்தும்போது அது மேலே செல்லும் மின்கம்பியில் பட்டு உயிர் போன செய்திகளைச் சுதந்திர தினத்தை ஒட்டி நாளிதழ்களில் படித்திருக்கிறோம். குழாய் எந்தத் திசையில் சாய்ந்தாலும் மின்கம்பியை எட்டாத தொலைவில்தான் குழி தோண்ட வேண்டும். மாணவர்களைக் கொண்டு கம்பம் நடுவது வேண்டவே வேண்டாம்.

நிரந்தரக் கம்பம் இருந்தால் சிக்கல் உச்சியிலுள்ள கப்பியில்தான். ஜனவரி 26க்குப் பிறகு ஆறரை மாதம் அசையாமல் இருந்த கப்பி துருப்பிடித்திருக்கும். குருவி கூடு கட்டியிருப்பதும் உண்டு. ஆள் ஏறத்தக்க ஏணி வைத்து, பழகியவரைக் கொண்டு எண்ணெய் இட்டு, மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிடச் சொல்லுங்கள். துடைக்காத எண்ணெய் கயிற்றில் இறங்கிக் கொடியின் காவிப் பட்டையில் கறையாக நிற்கும்.

கயிறு கம்ப உயரத்தைப்போல் இருமடங்கும் அதற்கு மேல் நான்கைந்து அடியும் இருக்க வேண்டும்; இருபதடிக் கம்பத்துக்கு நாற்பத்தைந்து அடி. பருத்திக் கயிறு நனைந்தால் உப்பிக் கப்பியில் சிக்கும். ஆகஸ்ட் மாதத்தில் முந்தின இரவு மழை பெய்வது நம் ஊர்களில் அரிதன்று. எனவே மெல்லிய நைலான் கயிறே ஏற்றது. கயிற்றின் நடுவில் எங்கும் முடிச்சு இருக்கக் கூடாது, அது கப்பியைத் தாண்டாது. கம்பத்தில் இடுப்பு உயரத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டுவதற்கு ஒரு கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பொருத்திக்கொள்ளுங்கள், இதன் தேவை ஐந்தாம் பகுதியில் விளங்கும்.

4. கீழிருந்து ஏற்றுவதா, மேலே விரிப்பதா

சுதந்திர தினத்தன்று கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுவதும், குடியரசு தினத்தன்று உச்சியில் மடித்துக் கட்டியிருப்பதை விரிப்பதும் மரபு. அந்நியர் ஆட்சி இறங்கி நம் கொடி ஏறியதைக் குறிக்கவே முதல்வகை என்பார்கள். நம் பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டு நாட்களிலும் பூ வைத்து மடித்து, மேலே ஏற்றி, இழுத்து விரிக்கிறார்கள். இது பிழையன்று: பள்ளிகளுக்கான பகுதியில் கொடி விதித்தொகுப்பே கொடியை விரிப்பதைப் பற்றித்தான் பேசுகிறது, தேசிய நாட்களில் மலரிதழ்களை உள்ளே வைக்கவும் அது அனுமதிக்கிறது.

முதன்முறை பொறுப்பேற்பவருக்கு என் பரிந்துரை கீழிருந்து ஏற்றும் முறை. அதில் அவிழாத முடிச்சு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகஸ்ட் 15இன் மரபுக்கும் அதுவே பொருந்தும். ஏற்றும்போது விரைவாகவும், இறக்கும்போது மெதுவாகவும் மரியாதையோடும் செய்ய வேண்டும் என்பது மட்டுமே நினைவில் நிற்க வேண்டிய விதி. மலர் தூவ விரும்பும் பள்ளிகள் அடுத்த பகுதியை வரி விடாமல் படிக்க வேண்டும்.

5. ஆகஸ்ட் 14 மாலை: மடிப்பும் முடிச்சும்

இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. சுத்தமான துணி விரித்த மேசைமேல் கொடியை விரியுங்கள். தரையில் படக் கூடாது. பச்சைப் பட்டையை வெள்ளையின் மேலும், காவியை அதன் மேலும் மடித்தால் நீண்ட பட்டை ஒன்று கிடைக்கும். இனிக் கம்பத்துக்கு எதிர்ப்பக்க நுனியிலிருந்து தொடங்கி, கயிற்று உறையை நோக்கி, சேலைக் கொசுவம் போல முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே வாருங்கள். பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினால் விரிய நேரமெடுக்கும், பாதியில் நின்றும் போகும். கொசுவ மடிப்பு ஒரே இழுப்பில் விழுந்துவிடும்.

இப்போது உங்கள் கையில் ஒரு சிறு பொதியும் அதன் இருபுறமும் நீளும் கயிற்று நுனிகளும் இருக்கும். சிவப்பு நூல் சுற்றிய மேல்நுனி, கம்பத்தின் மேலே செல்லும் கயிற்றோடு இறுக்கிக் கட்டப்படும். கீழ்நுனி, கம்பக் கயிற்றின் மறுமுனையோடு கட்டப்படும். இந்தக் கீழ்க்கயிற்றைப் பொதியைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, கயிற்றை மடித்து ஒரு சிறு காதாக்கி, சுற்றின் அடியில் செருகுங்கள். நுனியை உள்ளே நுழைத்து இழுத்து முடிச்சாக்கிவிடக் கூடாது. செருகியது காது மட்டுமே என்பதால் கீழே இழுத்தவுடன் உருவிக்கொண்டு வரும். புதியவர்கள் ‘அவிழ்ந்துவிடுமோ’ என்ற அச்சத்தில் இன்னொரு முடிச்சைப் போட்டுவிடுகிறார்கள். மறுநாள் நிகழும் சங்கடங்களில் பெரும்பாலானவை அந்தக் கூடுதல் முடிச்சால் வருபவை.

கட்டி முடித்தபின் கம்பத்தில் உண்மையாகவே ஏற்றி, மூன்று முறை விரித்துப் பாருங்கள். இந்தச் சோதனையின்போதுதான் கொக்கியின் தேவை தெரியும். பொதியை உச்சிக்கு ஏற்றியதும், ஏற்றப் பயன்பட்ட பக்கத்துக் கயிற்றைக் கொக்கியில் சுற்றிக் கட்டிவிட வேண்டும். பிறகு விருந்தினர் இழுக்க வேண்டியது பொதியின் கீழிருந்து தொங்கும் மறுபக்கக் கயிற்றை. ஏற்றிய கயிறு கட்டப்படாமல் இருந்தால், அவர் இழுக்கும்போது காது உருவுவதற்குப் பதிலாகப் பொதியே கீழே இறங்கி வரும். எந்தக் கயிற்றை இழுப்பது என்று குழம்பாமலிருக்க, அதன் கைப்பிடி உயரத்தில் ஒரு வெள்ளை நாடாவைக் கட்டிவையுங்கள்.

சோதனை முடிந்ததும் கொடியை இறக்கி உள்ளே கொண்டுபோய்விடுங்கள். கட்டிய பொதியை இரவு முழுதும் கம்பத்தில் விட்டுவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பனியிலோ மழையிலோ நனைந்த கொசுவ மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மலரிதழ்களையும் இரவே வைக்க வேண்டாம். ரோஜா இதழ் வாடிச் சாறு விட்டு வெள்ளைப் பட்டையில் கறை படியும். காலையில், ஈரம் துடைத்த உதிரி இதழ்களை ஒரே ஒரு கைப்பிடி அளவு வைத்தால் போதும். அதிகம் வைத்தால் பொதி பருத்து, காது இறுகிவிடும்.

6. அலங்காரத்தில் தவிர்க்க வேண்டியவை

கம்பத்தின் உச்சியிலோ கொடியின் மேலோ பூமாலை, சின்னம் என எதையும் வைக்கக் கூடாது. பூக்களைக் கம்பத்தின் அடிப்பீடத்தில் வையுங்கள். தேசியக் கொடியையே தோரணமாகக் கட்டுவதும் விதிக்குப் புறம்பானது. சிறு காகிதக் கொடிகளை நூலில் ஒட்டிப் பள்ளி முழுதும் கட்டுவது நல்லெண்ணத்தில் செய்யப்படுவதுதான் என்றாலும் கைவிட வேண்டிய வழக்கம். மாவிலைத் தோரணமும் பல வண்ணக் காகிதத் தோரணமும் போதும். தேசியக் கொடியையே தரையில் கோலமாக வரைந்தால் விழா முடிவதற்குள் நூறு கால்கள் அதன்மேல் நடந்துவிடும். ஆகவே அதையும் தவிர்ப்பது நல்லது.

மேடையில் தனியாகக் கொடி வைத்தால், அவையை நோக்கி நிற்கும் பேச்சாளரின் வலப்புறத்தில் இருக்க வேண்டும். மேசை விரிப்பாகக் கொடியைப் பயன்படுத்துவது குற்றம்; 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் கொடி அவமதிப்புக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது.

7. மாணவர்களை நிறுத்தும் முறை

கொடி விதித்தொகுப்பு பள்ளிகளுக்கென்று ஓர் அமைப்பையே வகுத்திருக்கிறது. நடைமுறையிலும் அதுவே சிறந்தது. மாணவர்கள் சதுரத்தின் மூன்று பக்கங்களில் நிற்க, நான்காவது பக்கத்தின் நடுவில் கொடிக் கம்பம் இருக்கும். கம்பத்துக்கு மூன்று அடி எடுத்துவைக்கும் தொலைவில், அதன் பின்னால், தலைமையாசிரியரும் மாணவர் தலைவரும் கொடியேற்றுபவரும் நிற்பார்கள். மூத்த வகுப்பு வலக்கோடியில் தொடங்க, வகுப்புகள் வரிசையாக அமையும். பத்துப் பத்துப் பேராக அணிபிரித்து, அணிக்கு அணி ஓர் அடி எடுத்துவைக்கும் இடைவெளி விட வேண்டும். வகுப்பாசிரியர் தம் வகுப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்பார். மயங்கி விழும் குழந்தையை முதலில் கவனிக்கக்கூடியவர் அங்கே நிற்பவர்தான்.

காலையில் சாப்பிடாமல் வரும் குழந்தைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். வந்தவுடன் பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுங்கள். இனிப்பை விழா முடியும்வரை ஒளித்துவைக்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. சூரியன் மாணவர் முகத்தில் அடிக்காதபடி நிறுத்த முடியுமா என்று 14ஆம் தேதி காலை அதே நேரத்தில் மைதானத்தில் நின்று பார்த்துவிடுங்கள்.

8. ஆகஸ்ட் 15 காலை: நிகழ்ச்சியின் வரிசை

எட்டரை மணிக்குக் கொடியேற்றம் என்று வைத்துக்கொண்டால், ஏழரைக்கு இதழ் வைத்து மடித்து, எட்டு மணிக்குப் பொதியை உச்சிக்கு ஏற்றிக் கொக்கியில் கட்டிவிட வேண்டும். கீழிருந்து ஏற்றுவதானால் கொடியின் இரு நுனிகளையும் கயிற்றில் கட்டி, ஒருவர் கையில் ஏந்தி நிற்க வேண்டும். எட்டேகாலுக்கு அணிகள் நிற்கும். வகுப்புத் தலைவர்கள் மாணவர் தலைவரிடமும், அவர் தலைமையாசிரியரிடமும் அணி ஆயத்தம் என்று வணக்கம் செலுத்தித் தெரிவிப்பார்கள்.

அதன்பின் நடப்பது இரண்டு நிமிடம்தான். அதன் வரிசை மாறவே கூடாது. மாணவர் தலைவர் ‘நேராக நில்’ என்று ஆணையிடுவார். கொடி ஏறும் அல்லது விரியும். கொடி பறந்த பிறகே வணக்கத்துக்கான ஆணை வரும். சிறிது நேரம் வணக்கத்தில் நின்று, கையை இறக்கி, நேராக நின்ற நிலையிலேயே தேசிய கீதம் பாடப்படும். உறுதிமொழி எடுப்பதானால் கீதத்துக்குப் பிறகுதான்.

கொடி, வணக்கம், கீதம், உறுதிமொழி என்பதே வரிசை. வழக்கமாக நிகழும் தவறு, ஒலிபெருக்கி இயக்குபவர் கயிறு அசைந்தவுடன் கீதத்தை ஒலிக்கச் செய்துவிடுவது. அவர் கம்பத்தைப் பார்க்கக் கூடாது. மாணவர் தலைவரின் கையைப் பார்க்க வேண்டும் என்று முன்னாளே சொல்லிவையுங்கள்.

என்னைக் கேட்டால் ஒலிப்பதிவே வேண்டாம். முழுக் கீதம் ஏறத்தாழ 52 விநாடிகள். ஆறு குழந்தைகளைப் பயிற்றுவித்து ஒலிவாங்கியில் பாடச் சொன்னால் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். பதிவை ஒலிக்கவிட்டால் எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். கைப்பேசியில்தான் ஒலிக்கப்போகிறீர்கள் என்றால், இடையில் அழைப்பு வராதபடி அதை விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து எங்கே வரும் என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. நாங்கள் கொடியேற்றத்தையும் மேடை நிகழ்ச்சியையும் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறோம். கொடி நிகழ்ச்சி மேலே சொன்ன வரிசையில் உறுதிமொழியோடு முடியும். மேடை நிகழ்ச்சி தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி, உரைகளும் கலைநிகழ்ச்சிகளும் நடந்து, தேசிய கீதத்தில் நிறைவுபெறும். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் எழுந்து நிற்க வேண்டும் என்பதை அறிவிப்பாளர் நினைவூட்டலாம்.

9. இடையில் தவறு நேர்ந்தால்

கொடி விரியவில்லை என்றால் வெட்டி வெட்டி இழுக்க வேண்டாம். காது மேலும் இறுகும், அல்லது உறை கிழியும். ஒருமுறை மெதுவாகத் தளர்த்தி, மறுமுறை சீராக இழுத்துப் பாருங்கள். அப்போதும் விரியாவிட்டால் கொக்கியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, பொதியைக் கீழே இறக்கி, கையால் பிரித்து, விரிந்த கொடியாகவே மீண்டும் ஏற்றுங்கள். முழு வேலையும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மாணவனைக் கம்பத்தில் ஏறச் சொல்வது ஒருபோதும் கூடாது.

கொடி தலைகீழாக விரிந்தால் கீதத்தைத் தொடங்கக் கூடாது. நான் விருந்தினராகச் சென்ற ஒரு பள்ளியில் பச்சை மேலிருக்கக் கொடி பறந்தது. பார்த்தவர்கள் பலர், சொல்லத் துணிந்தவர் ஒருவரும் இல்லை, நானும் தயங்கினேன். கீதம் முழுவதையும் பாடி முடித்து, உரைகளும் தொடங்கிய பிறகு ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆசிரியரின் சேலையைப் பிடித்திழுத்துக் காட்டினாள். அன்றுமுதல் எங்கள் விழாவில் ஓர் ஆசிரியருக்கு ஒரே வேலை கொடுத்துவைத்திருக்கிறோம்: கொடி பறந்தவுடன் காவி மேலிருப்பதைப் பார்த்து மாணவர் தலைவருக்குத் தலையசைக்க வேண்டும். அவர் தலையசைத்த பிறகே வணக்கத்துக்கான ஆணை வரும்.

10. உரைகள்: வரலாற்றைச் சரியாகச் சொல்லுதல்

விருந்தினர் உரை ஐந்து நிமிடம், மாணவர் உரை மூன்று நிமிடம் என்று அழைக்கும்போதே தெரிவித்துவிட வேண்டும். மாணவர் உரைகளை ஆசிரியர் ஒருவர் 12ஆம் தேதிக்குள் படித்துப் பார்க்க வேண்டும். மேடையில் சொல்லப்பட்ட பிழை குழந்தைகள் மனத்தில் பாடப்புத்தகத்தைவிட ஆழமாகப் பதிந்துவிடுகிறது. அடிக்கடி திருத்த வேண்டியிருந்தவற்றை இங்கே தருகிறேன்.

எத்தனையாவது சுதந்திர தினம் என்பதில் பதாகை அச்சிடுபவரே தவறுவார். 1947 ஆகஸ்ட் 15 முதலாவது நாள் என்பதால், நடப்பு ஆண்டிலிருந்து 1946ஐக் கழிக்க வேண்டும். 2025இல் வந்தது 79ஆவது சுதந்திர தினம். நிறைவடைந்த ஆண்டுகளைச் சொல்வதானால் 1947ஐக் கழித்து 78 என்று சொல்ல வேண்டும்.

நேரு 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லி செங்கோட்டையில் கொடியேற்றியதாகப் பெரும்பாலான உரைகளில் வரும். அங்கே அவர் கொடியேற்றியது மறுநாள் 16ஆம் தேதி. காந்தியடிகள் 15ஆம் தேதி டெல்லியில் இருக்கவில்லை. கலவரத்தால் புண்பட்டிருந்த கல்கத்தாவில் உண்ணாநோன்பிலும் வேண்டுதலிலும் அந்த நாளைக் கழித்தார். மாநிலத் தலைநகரங்களில் சுதந்திர தினத்தன்று முதலமைச்சர்கள் கொடியேற்றுவது 1974இல்தான் தொடங்கியது. புனித ஜார்ஜ் கோட்டையில் அவ்வாறு முதலில் ஏற்றியவர் கலைஞர் மு. கருணாநிதி.

திருப்பூர் குமரன் நாடகத்தைக் குழந்தைகள் உருக்கமாக நடிப்பார்கள். கையில் அசோகச் சக்கரக் கொடியைக் கொடுத்துவிடுவதுதான் அதில் நேரும் பிழை. குமரன் உயிர்நீத்தது 1932 ஜனவரி 11இல். சக்கரம் பொறித்த இன்றைய கொடியை அரசியலமைப்பு நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22இல். அவர் காலத்து மூவர்ணக் கொடியில் இருந்தது இராட்டை. இராட்டை வரைந்த துணியை நாடகத்துக்குத் தயார் செய்தால், தேசியக் கொடி மேடையில் கீழே விழும் ஆபத்தும் நீங்குகிறது.

கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24, சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூரில். வட மாவட்டத்துத் திருப்பத்தூர் என்று வரைபடத்தில் குறித்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10. ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ என்று பாடிய பாரதி 1921இலேயே மறைந்துவிட்டார். வராத சுதந்திரத்தை வந்ததாகவே கண்டு பாடிய பாடல் அது என்று சொன்னால் குழந்தைகள் அதை வேறு விதமாகப் பாடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது, ஒரு மாணவராவது தம் சொந்த ஊரைப் பற்றிப் பேச வேண்டும் என்பதையே. ‘1947 ஆகஸ்டில் நம் ஊர் யாருடைய ஆட்சியில் இருந்தது?’ என்ற கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை ஊரும் அன்று திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்து 1948 மார்ச்சில் இணைந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1, சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16. திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் நடந்த உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தின் வழியில் உள்ள ஊர்களுக்குச் சொல்ல இன்னும் நிறைய இருக்கும். தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்து ஒரு குழந்தை பேசும் மூன்று நிமிடத்தில் கூட்டம் அசையாமல் கேட்கும்.

11. மாலை: கொடியிறக்கமும் பாதுகாப்பும்

காலையில் நூறு பேர் கூடிய மைதானத்தில் மாலையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதனால்தான் கொடியை இறக்குபவர் பெயரையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். 2022 ஜூலைத் திருத்தத்தின்படி பொதுமக்கள் திறந்தவெளியிலும் வீட்டிலும் இரவும் பகலும் கொடியைப் பறக்கவிடலாம் என்றாலும், காவலாளி இல்லாத பள்ளியில் சூரியன் மறைவதற்குள் இறக்கிவிடுவதே சரி. மெதுவாக இறக்கி, தரையில் படுமுன் இருவர் கையில் ஏந்திக்கொள்ள வேண்டும்.

கொடியைக் கிடைமட்டமாகப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைப் பட்டையின் அடியில் மடியுங்கள். பிறகு இருபக்க வெள்ளைப் பகுதிகளையும், சக்கரமும் இரு வண்ணங்களின் ஓரமும் மட்டும் மேலே தெரியும்படி, நடுவை நோக்கி மடித்து, உள்ளங்கைகளில் ஏந்திக் கொண்டுபோய் வையுங்கள். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும்.

குழந்தைகள் கையில் கொடுத்த காகிதக் கொடிகளைத் திரும்பப் பெறுவதற்கு வாயிலில் ஒரு பெட்டி வைத்து, அதில் கொடியைப் போட்ட பிறகு இனிப்பு கொடுங்கள். காகிதக் கொடிகளை விழா முடிந்தபின் தரையில் எறியக் கூடாது; சேர்த்து வைத்து, சேதமானவற்றைத் தனிமையில் மரியாதையோடு எரிக்க வேண்டும். பழைய கிழிந்த துணிக்கொடிக்கும் இதுவே முறை. குப்பைத் தொட்டியிலோ கரித்துணியாகவோ அது போகக் கூடாது.

கயிற்றையும் கம்பத்திலிருந்து கழற்றிச் சுருட்டிக் கொடியோடு ஒரே பெட்டியில் வையுங்கள். வெயிலில் விட்ட நைலான் சில மாதங்களில் நைந்துவிடும். கழற்றும்போது அதன் நுனியில் மெல்லிய சணலைக் கட்டி இழுத்தால் சணல் கப்பியில் தங்கிவிடும். ஜனவரியில் அதைக்கொண்டே கயிற்றை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம், ஏணி தேவைப்படாது. பெட்டியின் மூடியில் கொடியின் அளவு, கயிற்றின் நீளம், கப்பிக்கு எண்ணெய் இட்ட தேதி, இவ்வாண்டு நேர்ந்த தவறு ஆகிய நான்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.